பூஜை வண்டிக்கு நான் சொன்ன சாட்சி

கண்ணால் பார்த்ததை மாற்றிச் சொன்னேன். அதன் பழி என் நண்பன் மேல் விழுந்தது. விழுந்தது தெரிந்தும் ஒரு வருஷம் வாயைத் திறக்காமல் இருந்தேன். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். பின்னால் எனக்குச் சாதகமாக ஏதாவது எழுதிவிட்டால், படிப்பவர்கள் மறுபடி இந்த வரிகளுக்கு வந்துவிட்டுப் போகட்டும்.

திருப்பதியில் ஒரு கல்லூரியில் புள்ளியியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன் நான். மனைவி இறந்த பிறகு அங்கேயே மகள் வீட்டில் இருக்கிறேன். நண்பன் சித்தூரில் இருக்கிறான். அங்கே ஒரு பள்ளியில் இயற்பியல் வாத்தியாராக இருந்தவன். சிறுவயதில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் நாங்கள். அவன் என்னை "ப்ரொபசரு" என்று கூப்பிடுவான். அதில் மரியாதை துளியும் கிடையாது.

மகளுக்குக் கம்ப்யூட்டர் வேலை. பிறர் கம்பெனிக்கே புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தவள், சொந்தமாக ஒன்று செய்ய ஆசைப்பட்டாள். பிளாக்செயினில் ஓடும் ஒரு முன்கணிப்புச் சந்தை. அப்படியென்றால் என்ன என்று நான் கேட்டபோது அவள் சொன்ன உதாரணம் மாங்காய்தான்.

சித்தூர்ப் பக்கம் தோத்தாபுரி மாமரம் வைத்திருப்பவர்களுக்கு மே மாதம் முடிந்தால் ஒரே கவலை. மாங்கூழ் ஆலை எப்போது கேட்டைத் திறக்கும்? திறப்பதற்கு முன் காயை அறுத்தால் டிராக்டரிலேயே பழுத்து ஒழுகிவிடும். திறந்து நாளாகி அறுத்தால் வரிசையின் வால் ஊர் எல்லைக்குப் போயிருக்கும். ஆலைக்காரர்கள் முன்கூட்டிச் சொல்வதில்லை. ஆனால் பாய்லர் மாட்டுகிறவனுக்குக் கொஞ்சம் தெரியும். டின் ஏற்றிவரும் லாரிக்காரனுக்குக் கொஞ்சம் தெரியும். ஏஜெண்டுக்கு இன்னும் கொஞ்சம். இந்தத் துண்டுகளையெல்லாம் சேர்த்து ஒரே எண்ணாக்குவதுதான் அந்தச் சந்தையின் வேலை.

ஒரு கேள்வி வைப்போம். அதற்கு "ஆமாம்" என்று ஒரு சீட்டு, "இல்லை" என்று ஒரு சீட்டு. இரண்டும் சேர்ந்து நூறு புள்ளி. நடந்துவிட்டால் ஆமாம் சீட்டுக்கு நூறும் கிடைக்கும், இல்லை சீட்டு வெறும் சீட்டு. நடுவில் ஆமாம் சீட்டு அறுபதுக்கு விற்றால், நடப்பதற்கு நூற்றுக்கு அறுபது வாய்ப்பு என்று கூட்டம் நினைக்கிறது என்று பொருள். பணம் கிடையாது, அது சூதாட்டம் ஆகிவிடும். வெறும் புள்ளிகள். சீசன் ஆரம்பத்தில் எல்லோருக்கும் சமமாகக் கொஞ்சம் கொடுப்போம்.

"வாங்கறவன் ஒரு பக்கம், விக்கறவன் ஒரு பக்கம்னு ஆர்டர் புக் வெக்கலாமே" என்றேன்.

"அதுக்குக் கூட்டம் வேணும் நைனா. நம்ம கிட்ட இருக்கிறதே ஒரு பஸ்ஸு ஜனம். ஒருத்தன் வாங்க வரும்போது விக்கறவன் தோட்டத்துக்குத் தண்ணி பாய்ச்சிக்கினு இருப்பான்."

அதனால் ஒரு பொதுக் குவியல் வைத்தோம். யார் எப்போது வந்தாலும் அந்தக் குவியலே விற்கும், வாங்கும். ஆமாம் சீட்டை ஒருவர் வாங்கினால் அதன் விலை தானே ஏறும், இல்லையின் விலை தானே இறங்கும். எவ்வளவு ஏற வேண்டும் என்ற சூத்திரம் நான் எழுதியது. ஆள் குறைவாக இருந்தால் ஒருவரே விலையை வெகுதூரம் நகர்த்திவிட முடியும் என்று அதன் ஓரத்தில் ஒரு குறிப்பும் எழுதினேன். எழுதியதை நானே மறந்தேன்.

பிளாக்செயின் எதற்கு என்றும் கேட்டேன். கணக்கு எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் இருந்தால், அப்பனும் மகளும் சேர்ந்து மாற்றிவிட்டார்கள் என்று நாளைக்கு ஒருவன் சொல்லலாம். பல ஊர்க் கம்ப்யூட்டர்களில் ஒரே கணக்கு ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்து நின்றால், எழுதியதை யாரும் அழிக்க முடியாது. சீட்டுகளை ஒரு கம்ப்யூட்டர் நிரல் வைத்துக்கொள்ளும், முடிவு வந்ததும் அதுவே பங்கு பிரிக்கும். மகள் நினைத்தாலும் கை வைக்க முடியாது. இதை நான் கூட்டங்களில் பெருமையாகச் சொல்லித் திரிந்தேன்.

ஆனால் அந்த நிரலுக்குக் கண் கிடையாது. ஆலை கேட் திறந்ததா என்று யாராவது ஒருவர் போய்ப் பார்த்துச் சொல்லியாக வேண்டும். அதற்கு மூன்று சாட்சிகளை வைத்தோம். நான் ஒருவன். நண்பன் ஒருவன். ஆலைக்கு எதிரே எடைமேடை வைத்திருப்பவர் ஒருவர். மூவரில் இருவர் சொல்வது முடிவு. மாறிச் சொன்னவர் பிணையாக வைத்த புள்ளி போகும், சாட்சிப் பட்டியலிலிருந்து அவர் தானாக நீங்குவார். தண்டனை இருந்தால்தான் உண்மை வரும் என்று இந்த விதியையும் நான்தான் எழுதினேன்.

"ரெண்டு பேர் தப்பா சொன்னா?" என்று மகள் கேட்டாள்.

ஒரு தாளில் கணக்குப் போட்டுக் காட்டினேன். ஒருவர் தவறுவதே அரிது, இருவர் ஒரே சமயத்தில் தவறுவது அரிதிலும் அரிது. ஒவ்வொருவரும் தனித்தனியாகப் பார்த்துச் சொல்வார்கள் என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு அது. முதல் வருஷ மாணவன் அப்படிப் போட்டிருந்தால் சிவப்பு மையில் வட்டம் போட்டிருப்பேன்.

அந்த ஜூனில் கேள்வி வைத்தோம். இந்தச் சனிக்கிழமைக்குள் ஆலை தோத்தாபுரி எடுக்கத் தொடங்குமா? நண்பன் அதைப் படித்துவிட்டுப் போன் செய்தான்.

"யோவ் ப்ரொபசரு, பூஜை வண்டியை இன்னா பண்ணுவ?"

எங்கள் பக்கத்து ஆலைகளில் இது ஒரு வழக்கம். நல்ல நாள் பார்த்து, பாய்லர் தயாரோ இல்லையோ, கேட்டில் மாவிலை கட்டிப் பூசணிக்காய் உடைத்து, மாலை போட்ட ஒரே ஒரு டிராக்டரை உள்ளே விடுவார்கள். பிறகு கேட்டைப் பூட்டிவிட்டு, நிஜமாகத் தொடங்கும்போது தொடங்குவார்கள். அவன் சொன்னதால், "பூஜை வண்டி கணக்கில் வராது, வரிசையில் நிற்கும் வண்டிகள் உள்ளே போக வேண்டும்" என்று கேள்விக்குக் கீழே சேர்த்தேன். ஆக, எனக்குத் தெரியாமல் நடந்தது என்று சொல்ல வழியில்லை.

சனிக்கிழமை காலை பஸ்ஸில் சித்தூர் போனேன். நண்பனுக்கு அன்று வேலூரில் கண் பரிசோதனை. திரும்பச் சாயங்காலம் ஆகும் என்றிருந்தான். நான் போனபோது பூஜை நடந்துகொண்டிருந்தது. மாலை போட்ட டிராக்டர் உள்ளே போனது. கேட் சாத்தினார்கள், பூட்டுப் போட்டார்கள். பின்னால் நின்ற வண்டிக்காரர்கள் கத்தினார்கள். வாட்ச்மேன் என்னைப் பார்த்து, "பூஜா அய்பொயிந்தி சார், முடிஞ்சிச்சு, போங்க. பாய்லரே இன்னும் பத்தல" என்றான். பூட்டையும் வரிசையையும் சேர்த்து ஒரு படம் எடுத்துக்கொண்டேன்.

பஸ்ஸில் திரும்பும்போது செல்போனைத் திறந்தேன். ஆமாம் சீட்டு தொண்ணூறைத் தாண்டியிருந்தது. பூஜை வண்டி உள்ளே போனது ஆலை திறந்ததாகவே ஊரெல்லாம் பரவி, எல்லோரும் வாங்கியிருந்தார்கள். எடைமேடைக்காரர் நாற்காலியை விட்டு எழுந்திருக்காமலே "ஆமாம்" என்று போட்டுவிடுவார், அது நிச்சயம். நண்பன் வேலூரிலிருந்து களைத்து வந்து எடைமேடைக்காரரைக் கேட்டு அதையே போடுவான் என்று நினைத்தேன். அப்படியானால் நான் ஒருவன்தான் தனி. அடுத்த வாரம் என் பழைய கல்லூரியில் இந்தச் சந்தையைப் பற்றி ஒரு உரை. சாட்சிப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டவன் எப்படி அங்கே போய் நிற்பது?

"ஆமாம்" என்று போட்டேன். ரேணிகுண்டாப் பக்கம் மழை மேகம் இருந்ததா என்று பார்த்துக்கொண்டு வந்தேன். மனசு படபடக்கவில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

நண்பன் வேலூர் பஸ்ஸை விட்டு இறங்கி, கண்ணில் ஊற்றிய மருந்தோடு நேராக ஆலை கேட்டுக்குப் போயிருக்கிறான். பூட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு "இல்லை" என்று போட்டான். இருவர் ஆமாம், ஒருவர் இல்லை. நிரல் அதன் வேலையைச் செய்தது.

ஆட்சேபம் சொல்ல இரண்டு நாள் அவகாசம் உண்டு. ஆட்சேபிப்பவரும் புள்ளி பிணை வைக்க வேண்டும். நண்பன் போன் செய்தான். "என் புள்ளி பூராப் போச்சு. நீ போடுய்யா. நாளைக்கே எல்லாரையும் கேட்டுக்குக் கூட்டிக்கினு போய்க் காட்டறேன்."

"ஒரு கேள்விதானே, விடுப்பா" என்றேன்.

முடிவு "ஆமாம்" என்று வந்ததை நம்பி, அதுவரை காத்திருந்தவர்களும் காயை அறுத்தார்கள். வண்டிகள் வந்து பூட்டிய கேட்டின் முன் வெயிலில் நின்றன. சாறு சொட்டி ரோடு பிசுபிசுத்தது. கேட் திறந்தபோது பாதிக் காயைக் கீழே கொட்ட வேண்டியிருந்தது. எங்கள் சந்தையின் இணையப் பக்கத்தில் சாட்சிகளின் பேர் இருக்காது, எழுத்தும் எண்ணுமாக நீளமாக ஒரு முகவரிதான் இருக்கும். யார் என்ன சொன்னார் என்று எல்லோரும் பார்க்கலாம், யாருக்கும் புரியாது. ஒரு சாட்சி தவறான தகவலுக்காக நீக்கப்பட்டார் என்ற வரி மட்டும் புரிந்தது. நீக்கப்பட்டவர் வாத்தியார் என்று எடைமேடைக்காரர் வாய்வழியாக ஊருக்குத் தெரிந்தது. அப்புறம் ஊர் செய்த கணக்கில் தப்பு சொல்ல முடியாது. நம்மைக் கெடுத்தது வாத்தியார், அதனால்தான் தூக்கிவிட்டார்கள்.

சித்தூர் மார்க்கெட் பக்கம் இருவரும் டீ குடித்துக்கொண்டிருந்தபோது ஒரு மாந்தோட்டக்காரர் வந்து நின்றார். வேட்டியில் மாங்காய்ப் பால் கறை அப்படியே இருந்தது.

"ஏன் சார், இஸ்கூல்ல பசங்களுக்கும் இப்பிடித்தான் சொல்லிக் குடுத்தியா?"

"நான் இல்லைன்னுதான்யா சொன்னேன்."

"அப்பறம் எதுக்கு உன்னத் தூக்கனாங்க? சும்மா தூக்குவாங்களா?" என்றவர் என்னைப் பார்த்தார். "நீங்களே சொல்லுங்க சார். பெரிய படிப்பு படிச்சவரு."

நான் டீயைக் குடித்தேன். சூடாக இருந்ததால் மெதுவாகக் குடித்தேன்.

பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கும்போது நண்பன் ஒரே ஒரு கேள்வி கேட்டான். "அன்னைக்கு நீ எத்தினி மணிக்குக் கெளம்பின?"

"வண்டி உள்ள போனதும் கெளம்பிட்டேன்."

"அதான பார்த்தேன். பூட்டறதுக்கு முன்னாடியே போய்ட்ட." அவன் முகம் தெளிந்தது. "முட்டாளு. கொஞ்சம் நின்னிருக்கக் கூடாதா?" அப்புறம் எனக்கு ஜன்னல் சீட் பிடித்துக் கொடுத்தான்.

அடுத்த வாரம் கல்லூரியில் பேசினேன். சீசனில் ஒரு ஆட்சேபம்கூட வரவில்லை என்று சொன்னேன். கை தட்டினார்கள்.

வருஷா வருஷம் மே மாதத்தில் நண்பனின் போன் ஓயாது. "சார், கேட்டு தெரிச்சாரா, தெறந்தாச்சா?" என்று தெலுங்கிலும் தமிழிலும் தோட்டக்காரர்கள் கேட்பார்கள். எங்கள் சந்தை வருவதற்கு முன்பிருந்தே அவனைத்தான் கேட்பார்கள், ஏனென்றால் போய்ப் பார்க்காமல் அவன் சொல்ல மாட்டான். அடுத்த மே மாதம் அந்தப் போன் அடிக்கவில்லை. "நல்லாத் தூங்கறேன் ப்ரொபசரு, ஒரு தொல்ல இல்ல" என்றான். ஆனாலும் நான் நேரில் போய்ப் பேசும்போதெல்லாம் அவன் போனை மேசை மேல் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் வைத்திருந்தான்.

அந்தச் சமயத்தில்தான் மகள் பழைய பதிவுகளைப் பார்த்துக்கொண்டிருந்தவள் என்னைக் கூப்பிட்டாள்.

"நைனா, அவர நீக்கிட்டு வேற ஆள வெச்சதுக்கு அப்பறம் சாட்சிங்க ஒரு தடவ கூட மாறிச் சொல்லல. எல்லாக் கேள்விக்கும் ஒரே பேச்சு. மனுஷங்க இவ்ளோ ஒத்துப்போவாங்களா?"

அவளுக்குப் புரிந்துவிட்டது. என் விதி, பார்த்ததைச் சொல்லும்படி யாரையும் தூண்டவில்லை. அடுத்தவர் என்ன சொல்வார் என்று ஊகித்து அதைச் சொல்லும்படி தூண்டியது. தனித்தனி என்று நான் வைத்துக்கொண்ட மூன்று பேரையும் என் விதியே ஒன்றாகக் கட்டிப்போட்டது. இதை அவளுக்கு விளக்க ஆரம்பித்து, பாதியில் நிறுத்தி, நடந்ததைச் சொன்னேன்.

திரையில் அந்த ஜூன் பதிவைத் திறந்து வைத்தாள். "அவர் கிட்ட சொன்னியா?"

"இல்ல."

"அப்பறம் எங்கிட்ட ஏன் சொல்ற?"

அந்தப் பழைய முடிவை அழித்துவிட முடியுமா என்று கேட்டேன்.

"முடியாது. முடியாதுன்னு நீதான் மைக் புடிச்சு சொல்லிக்கினு இருந்த."

அழிக்க முடியாவிட்டாலும் பக்கத்தில் இன்னொன்றை எழுதலாம். சாட்சி சொல்லும் முறையை அவள் முதலில் மாற்றினாள். இனி ஒவ்வொருவரும் தன் பதிலை மூடி முத்திரை போட்டு அனுப்ப வேண்டும். எல்லோரும் அனுப்பிய பிறகுதான் திறக்கும். கூடவே படம் வேண்டும். மாறிச் சொன்னால் தண்டனை கிடையாது, விசாரணை. அதற்குப் பிறகு நான் ஒரு கேள்வி வைத்தேன். போன வருஷம் இரண்டாம் சாட்சி, கேட் பூட்டியதைப் பார்த்த பிறகும் ஆமாம் என்று சொன்னாரா? அதற்குக் கீழே, இரண்டாம் சாட்சி நான், பார்த்தேன், மாற்றிச் சொன்னேன், வாத்தியார் உண்மையைச் சொன்னார் என்று என் பேரோடு எழுதினேன்.

அன்றே சித்தூர் போய் நண்பனிடம் நேரில் சொல்லியிருக்க வேண்டும். ஊர் முதலில் தெரிந்துகொள்ளட்டும், பிறகு அவன் முகத்தைப் பார்க்கச் சுலபமாக இருக்கும் என்று நினைத்தேன். அவன் இந்தப் பக்கத்தையே இப்போது திறப்பதில்லை என்றும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஆமாம் சீட்டு ஏறும் என்று எதிர்பார்த்தேன். கொஞ்சம் ஏறிவிட்டு, மறுநாள் காலை இருபதுக்குக் கீழே விழுந்து கிடந்தது. கூட்டம் என் வாக்குமூலத்தை நம்பவில்லை. நண்பனைக் காப்பாற்ற ஒரு கிழவன் தன் தலையில் போட்டுக்கொள்கிறான் என்று நினைத்துவிட்டார்கள். அப்படி நினைக்கப்பட்டதில் எனக்கு உள்ளூர ஒரு சந்தோஷம்கூட வந்தது. அது வந்த வெட்கத்தில், ஒரு வருஷமாக வைத்திருந்த படத்தை எடுத்துப் போட்டேன். பூட்டு, வரிசை, வாட்ச்மேன், எடுத்த நேரம் எல்லாம் அதில் இருந்தது. விலை ஏறியது. இந்தக் கேள்விக்கென்று மகள் வைத்த மூன்று புதிய சாட்சிகள் படத்தைச் சரிபார்த்து மூடிய பதில்களை அனுப்பினார்கள். திறந்தபோது மூன்றும் "ஆமாம்".

அதன் பிறகுதான் சித்தூர் போனேன். நண்பன் ஃபேன் ரெகுலேட்டரைக் கழற்றி மடியில் வைத்திருந்தான்.

"வா ப்ரொபசரு. துன்னுட்டியா?"

"ம்."

"எம் புள்ளி எல்லாம் மறுபடியும் போச்சுய்யா. இந்த சீசனுக்குக் குடுத்தது பூரா."

"எதுல கட்டின?"

"உம்மேல." திருகாணியைத் துடைத்துக்கொண்டே பேசினான். "நீ பூட்டறதப் பார்த்திருக்க மாட்ட, எனக்காக இட்டுக்கட்டிச் சொல்றன்னு கட்டினேன். மொத்தத்தையும் இல்லைல போட்டேன். வெல எப்பிடி எறங்கிச்சு பார்த்தியா? எவ்ளோ எறங்கும்னு நீதான சூத்திரம் எழுதன."

அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. கூட்டம் என்னை நம்பவில்லை என்று நான் நினைத்தேனே, அங்கே கூட்டமே இல்லை. ஆள் குறைந்த குவியலில் ஒருவன் தன்னிடம் இருந்த எல்லாவற்றையும் போட்டிருக்கிறான். என் குறிப்பில் நான் எழுதியிருந்த அந்த ஒருவர்.

"கெளம்பிட்டேன்னு சொன்னியே" என்றான். "அதத்தான் நம்பனேன்."

"பொய் சொன்னேன்."

"தெரியுது இப்ப."

ரெகுலேட்டரை மூடி மாட்டி, சுவிட்சைப் போட்டான். ஃபேன் சுற்றியது. மன்னிப்புக் கேட்டேன். "சரி" என்றான். அந்தச் சரிக்கு என்ன அர்த்தம் என்று நான் இன்றுவரை எந்தக் கணக்கும் போடவில்லை.

தோட்டக்காரர்களுக்குச் செய்தி பரவியது. மார்க்கெட்டில் அவனைக் கேட்ட அதே மனிதர் ஒரு கூடை மல்கோவாவோடு வந்து வாசலில் வைத்துவிட்டுப் போனாராம். போன் மறுபடி அடிக்கிறது. மகள் நேரில் போய்க் கேட்டு அவனை மறுபடியும் சாட்சியாக்கினாள். என்னை நீக்கிவிடச் சொல்லி நானே எழுதிக் கொடுத்தேன். கேட்டில் அழுகிய காய்க்கு மட்டும் நான் எதையும் திருப்பித் தர முடியவில்லை. சிலர் என்னைப் பார்த்தால் இன்னமும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். என் படம் ஒரு வருஷம் என் செல்போனில் சும்மா கிடந்ததை அவர்களால் மறக்க முடியாது.

இந்த ஜூனிலும் பூஜை நாளன்று சித்தூர் போனேன். எனக்கு அங்கே வேலை இல்லை, ஆனாலும் போனேன். நண்பன் கேட்டுக்கு எதிரே புங்க மரத்தடியில் நின்றிருந்தான். எனக்கு இடம் விட்டு நகர்ந்தான். பூசணிக்காய் உடைத்தார்கள். மாலை போட்ட வண்டி உள்ளே போனது. கேட் சாத்திப் பூட்டினார்கள். அவன் படம் எடுத்தான், என்ன அனுப்பினான் என்று எனக்குக் காட்டவில்லை. கையால் திரையை மறைத்துக்கொண்டான். இருவரும் டீ குடித்தோம், அவன் பேத்தியின் பரீட்சையைப் பற்றிப் பேசினோம்.

திருப்பதி பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று எழுந்தேன்.

"எத்தினி மணிக்குக் கெளம்பற?" என்றான்.

மணியைச் சொன்னேன். அவன் தன் கைக்கடிகாரத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டான்.